தில்லைமுனை வீட்டின் கதவு நிலை

பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பதினொரு பேர். கதிரைகள் ஏழு. பட்டதாரிகளுக்கு வேலை தருவதாகச் சொன்ன அரசாங்கம் கதிரையும் தருவதாக எங்கும் சொல்லவில்லை. ஆகவே இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. காலையில் எட்டேகாலுக்கு முன்னர் வந்தவர்கள் அமர்ந்தார்கள். பிந்தி வந்தவர்கள் களப்பணிக்குப் போனார்கள்.

நிலோஜன் களுதாவளையில் இருந்து பஸ்ஸில் வருகிறவன். அந்த பஸ் எட்டு இருபதுக்கு வரும். இப்படியே இரண்டு வருடம் போனதில், அந்தப் பிரதேசத்தில் அவன் காணாத கோயில், குளம், கூரை விழுந்த வீடு எதுவும் மிஞ்சவில்லை. இந்தத் தகுதி ஒன்றை வைத்துத்தான் ‘எங்கள் பிரதேசத்தின் பழைய வீடுகளும் குடும்பங்களும்’ என்ற நூலைத் தொகுக்கும் பொறுப்பு அவனிடம் வந்தது. அவன் பட்டம் எடுத்தது விலங்கியலில். “குடும்பங்களைப் பற்றி எழுதத்தானே, அது போதும்” என்றார் செயலாளர். பகிடிக்குச் சொன்னாரா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

இதே மாதிரி ஒரு நூல் பதினைந்து வருடங்களுக்கு முன்னரும் வந்திருந்தது. அதில் ஒரு குடும்பத்தின் கிணறு முப்பத்தொன்பதாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டதால், அந்தக் குடும்பம் இன்றுவரை செயலகத்தின் சரஸ்வதி பூசைக்கு வருவதில்லை. ஆகவே இம்முறை எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்று நிலோஜனுக்கு ஒரு கட்டுப் படிவமும் ஓர் அளவு நாடாவும் வழங்கப்பட்டன. படிவத்தில் வீட்டுக்காரரின் பெயர், கட்டிய ஆண்டு, கூரை, சுவர், முன்கதவு நிலையின் உயரம், நிலை பொருந்தியுள்ள சுவர்த் திறப்பின் உயரம் என்று பதினெட்டுக் கட்டங்கள். கடைசிக் கட்டம்: குடி.

வாவியின் இரண்டு கரையிலும் குடி என்றால் தாய்வழி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. வீடும் அதே பாதையில் போகும்: தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பாள், அந்த மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மகன்மார் வேறு வீடுகளுக்குப் போய்ச் சேரவேண்டியவர்கள். அவர்களைப் பற்றி வீட்டுக்குப் பெரிய கவலை கிடையாது. ஒரே குடியில் பிறந்தவர்கள், ஆளையாள் கண்டே இராவிட்டாலும், ஒரு தாய் பிள்ளைகள். கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிலோஜன் சேரவேண்டிய வீடு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தில்லைமுனை என்ற ஊரில் இருந்தது. அங்கே பிரஷாந்தி என்று ஒரு கணித ஆசிரியை. ஒரு டெங்கு ஒழிப்புக் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒரே கதிரைக்குப் போட்டியிட்டு, அவள் வென்று, அதன் பிறகு இரண்டு வருடம் வாவியைக் குறுக்கே கடந்து கடந்து, கடைசியில் கலியாணப் பேச்சுக்கால் நடந்தது. நிலோஜனின் அம்மா சுலோஜனா அந்த வீட்டுக்குப் போய், அமராமல் நின்றபடியே கேட்ட முதல் கேள்வி, “நீங்க என்ன குடி?”

“தேனாப்போடி குடி,” என்றார் பிரஷாந்தியின் அம்மா அன்னப்பூரணி.

“நாங்க மழுவரசன் குடி,” என்று சொல்லிவிட்டுத்தான் சுலோஜனா கதிரையில் அமர்ந்து தேத்தண்ணியை வாங்கினாள். ஆவணியில் நாள் வைத்தார்கள். கலியாண அழைப்புக் காட் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதல் காட்டைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு ஊருக்குக் கொடுக்கத் தொடங்குவது என்று முடிவு.

அதற்கு முன்னைய திங்கட்கிழமை பஸ் வழக்கத்தைவிடவும் பிந்தியது. நிலோஜன் படிவத்தையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு படகுப்பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறி, தில்லைமுனைக்குப் போனான். தன் மாமியார் வீடும் பழைய வீடுதான். அதையும் பதிந்தால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழாவிட்டாலும் ஒரு மத்தியானச் சோறு விழும் என்று கணக்கு.

கலியாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிலோஜன் முன்கதவால் உள்ளே நுழைந்தான். நெற்றி ‘டொக்’ என்று மேல்மரத்தில் இடித்தது.

“வாங்க மருமகன்,” என்றார் உள்ளே இருந்த வினாயகமூர்த்தி. பிரஷாந்தியின் அப்பா. ஆறடி ஒரு அங்குல மனிதர். “நான் முப்பது வருசமா இடிக்கிறன். இந்தா பாருங்க.” நெற்றியின் நடுவில், திருநீற்றுக்குக் கீழே, ஒரு நிரந்தரமான தழும்பு இருந்தது.

“நிலைய மாத்தலாமே மாமா.”

“வீடு ஆர்ர?” என்றார் வினாயகமூர்த்தி. “அவங்கட. நான் வந்த ஆள்தானே. நான் என்னத்தச் சொல்ற?”

“அந்த நிலை எங்கட அம்மா காலத்து நிலை,” என்று குசினியில் இருந்து அன்னப்பூரணியின் குரல் வந்தது. “உங்களுக்கு ஏலாட்டி குனிஞ்சு வாங்க.”

“கேட்டீங்கதானே,” என்றார் வினாயகமூர்த்தி.

நிலோஜன் அளந்தான். நிலையின் உயரம் ஐந்தேகால் அடி. சுவர்த் திறப்பு ஏழு அடி. இடையில் இருந்த வெளி சீமெந்துப் பூச்சால் நிரப்பப்பட்டிருந்தது. இரண்டு எண்களையும் அடுத்தடுத்த கட்டங்களில் அழகாக எழுதினான். எழுதுவது அவன் வேலை. யோசிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இருக்கவில்லை.

அப்போதுதான், பெயின்ற் அடிப்பதற்காகச் சுரண்டியிருந்த மேல்மரத்தின் நடுவில் ஒரு செதுக்கலைக் கண்டான். நிமிர்ந்த ஒரு கோடு, அதன் தலையில் ஒரு பிறை. அந்தக் காலத்தில் படுவான்கரைப் போடிமார், அதாவது பெரிய வயல்காரர்கள், தங்கள் மாடுகளைக் காட்டில் அவிழ்த்துவிடும்போது குடிக்கொரு குறி சுட்டு விடுவார்கள். சில வீடுகளில் அதே குறியைக் கதவு நிலையிலும் வெட்டுவது வழக்கம். மாடாவது தொலையும், வீடு எங்கே போகப்போகிறது என்று யாரும் அப்போது கேட்டதாகத் தெரியவில்லை.

நிலோஜன் மகிழ்ந்துபோனான். படம் எடுத்தான். படகுப்பாதையில் திரும்பி வரும்போதே செயலகத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்டான்: ‘தில்லைமுனை, திருமதி அன்னப்பூரணி வினாயகமூர்த்தி அவர்களின் தாய்வழி வீடு. முன்கதவு நிலையில் பழைய குடிக்குறி. எந்தக் குடியினுடையது? தெரிந்தவர்கள் கூறவும்.’

தன் கழுத்துக்குத் தானே கயிறு தேடி, அதற்கு ஊர்மக்களின் ஒத்துழைப்பையும் கேட்டவன் அந்தப் பிரதேசத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மறுநாள் விடிய இருநூற்றுப் பன்னிரண்டு விருப்பங்கள். ரோசாப்பூவை முகப்படமாக வைத்திருந்த ஒருவர் எழுதியிருந்தார்: ‘இது மழு. மழுவரசன் குடிக் குறி. எங்கட மாட்டிலயும் இதுதான் கிடந்த.’ அதன் கீழே பதினேழு பேர் ஓம், ஓம் என்று சாட்சி சொல்லியிருந்தார்கள்.

நிலோஜன் பல் தீட்டிக்கொண்டே வாசித்தான். பிறகு பல் தீட்டுவதை நிறுத்தினான்.

சுலோஜனாவுக்கு பேஸ்புக் இல்லை. அவளுக்குத் தங்கைகள் மூன்று பேர் இருந்தார்கள், அது போதுமாயிருந்தது. அவன் குசினிக்குப் போனபோது அவள் போனைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மனே, இது ஆர்ர வீடு?”

“அம்மா, அது…”

“தாய்க்குத் தாய் வந்த வீடு. நிலையில என்ட குடிக் குறி. அப்ப அந்தப் பிள்ள உனக்கு ஆரு?”

“அம்மா, இந்தக் காலத்தில ஆரும் இதெல்லாம்…”

“இந்தக் காலத்திலயும் தங்கச்சி தங்கச்சிதான்டா.”

“அவங்க தேனாப்போடி குடியெண்டுதானே சொன்னவங்க!”

“வாயால சொன்னவங்க. மரத்தில வெட்டிக் கிடக்கிறது வேற. நான் எதை நம்பிற?” கட்டுக் கட்டாக வைத்திருந்த கலியாணக் காட்டுகளை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அந்தத் தட்டில்தான், இனிப் பாவிக்க வாய்ப்பில்லாத சாமான்கள் எல்லாம் இருந்தன. “பிள்ளையார்தான் நேரத்துக்குக் கண்ணைத் திறந்து காட்டியிருக்கார்.”

பிள்ளையாருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, காட்டியது நான்தான் என்று சொல்ல நிலோஜனுக்கு வாய் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

தில்லைமுனைக் கோயிலின் வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பாளர், போனில் பேசினார்: அன்னப்பூரணியின் குடும்பம் திருவிழாவில் தேனாப்போடி குடிப் பங்குக்குத்தான் முப்பது வருடமாக வருகிறது என்றார். “முப்பது வருசம். அதுக்கு முன்னம்?” என்றாள் சுலோஜனா. அதற்கு முன்னைய கோயில் ஏடுகள் போரில் போய்விட்டன. கேட்டறியக்கூடிய வயதில் இருந்தவர்கள் எல்லாம் மாலை போட்ட படங்களாகச் சுவரில் இருந்தார்கள். “அதோட அவர் அவங்கட ஊர் ஆள்,” என்று அவள் விசாரணையை முடித்தாள்.

நிலோஜன் பிரஷாந்திக்குப் போன் எடுத்தான். நாலாவது தடவைதான் பதில் வந்தது.

“சொல்லுங்க அண்ணா.”

“பிரஷா, பகிடி விடாதீங்க.”

“நான் ஏன் பகிடி விடுறன். இருநூறு பேர் லைக் போட்டிருக்காங்க. பள்ளிக்கூடத்தில டீச்சர்மார் கேக்காங்க, அண்ணாவுக்கு வேற இடத்தில பாக்கிறீங்களாம் எண்டு.”

“அம்மா என்ன செய்யிறா?”

“அழுறா. விடிஞ்சதில இருந்து அந்த நிலைக்கு முன்னால இருந்து அழுறா. ஒராள் வர, போக ஏலாம கிடக்கு. அப்பாதான் சந்தோசமா இருக்கார். இப்பவாவது நிலைய உடைக்கலாமாம்.”

“நான் அந்தப் படத்த அழிக்கிறன்.”

“அழிச்சா மரத்தில அழியுமா அண்ணா?” என்றாள். இந்த முறை அவள் குரல் கணித ஆசிரியையின் குரலாக இல்லை. “ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்டு செய்யுங்க. இல்லாட்டி நான் ஆயுசுக்கும் உங்கள இப்படித்தான் கூப்பிடணும்.” போன் வைக்கப்பட்டது.

படத்தை அழிக்கவும் முடியவில்லை. செயலாளர் அதை மாவட்டப் பக்கத்தில் பகிர்ந்துவிட்டார். மாவட்டம் அமைச்சுக்குப் பகிர்ந்துவிட்டது. அந்தச் செயலகத்தின் வரலாற்றில் அமைச்சுவரை இரண்டு நாளில் போய்ச் சேர்ந்த ஒரே ஆவணம் அதுதான்.

புதன்கிழமை நிலோஜன் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்கே போய் ஒரு கதிரையில் அமர்ந்தான். வேலைக்கு வந்தபிறகு முதல் தடவை. இருந்தும் என்ன, அமர்ந்து அனுபவிக்கும் மனநிலை இல்லை. போனை எடுத்து, யார் யார் தன் வாழ்க்கையைக் கெடுத்தார்கள் என்று பெயர்ப்பட்டியல் பார்ப்பதுபோல் கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனான். அறுபத்தொன்றாவதில் விரல் நின்றது.

‘சேர், எங்கட உம்மாட வீட்டு நிலையிலயும் இப்படி ஒரு குறி இரிக்கு. வட்டம், அதுக்கு மேல ஒரு சின்னக் கோடு. காத்தான்குடி. நாங்க மாடு வளத்ததே இல்ல. இது என்ன குறி?’ எழுதியவர் பெயர் றம்ஸீன்; இருப்பிடம் டோஹா. கூடவே ஒரு படம்.

வட்டமும் மேலே கோடும். குடம். தில்லைமுனையில் மூன்று வீடுகளில் இந்தக் குறியை நிலோஜன் ஏற்கெனவே பதிந்திருந்தான். மூன்று படிவத்திலும் கடைசிக் கட்டத்தில் தேனாப்போடி என்றே இருந்தது; சேர்த்துப் பார்த்தது இப்போதுதான்.

காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் வீட்டில் தேனாப்போடி குடிக் குறி எப்படி வந்தது? அவன் பையைக் கொட்டி, திங்கட்கிழமைப் படிவத்தைத் தேடி எடுத்தான். நிலை ஐந்தேகால் அடி. சுவர்த் திறப்பு ஏழு அடி. ஏழு அடிக்குத் திறப்பு வைத்து வீடு கட்டிய மனிதன், அதில் ஐந்தேகால் அடி நிலையை வைத்து மிச்சத்தைச் சீமெந்தால் ஏன் அடைக்கிறான்? இரண்டு எண்ணும் இரண்டு நாளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

போன் எடுத்தான். “பிரஷா, உங்கட வீட்டில பழைய கதவுப் பலகை ஏதும் கிடக்கா? இப்ப போட்டிருக்கிற கதவு இல்ல, அதுக்கு முந்தின ஒண்டு.”

“ஒண்டு கிடக்கு அண்ணா.”

“எங்க?”

“அப்பா அதுலதான் படுத்திருக்கார். மாமரத்துக்குக் கீழ. நாலு கல்லு வெச்சு, அதுக்கு மேல அந்தக் கதவப் போட்டுத்தான் அவர் மத்தியானம் படுக்கிற.”

“அதை அளக்கேலுமா?”

“அப்பாவ எழுப்பணும்.”

“எழுப்புங்க!”

வினாயகமூர்த்தி எழுப்பப்பட்டார். அந்த வீட்டில் தான் கால் நீட்டிப் படுக்கக்கூடிய ஒரே சாமான் அதுதான் என்று அவர் ஆட்சேபிப்பது போனில் கேட்டது. பிறகு பிரஷாந்தியின் குரல், மெதுவாக: “ஆறரை அடி.” கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. “எங்கட நிலைக்கு இது வராது. ஒன்றேகால் அடி கூட. அப்ப இந்தக் கதவு எந்த நிலையில நிண்டது?”

“சனிக்கிழமை காத்தான்குடிக்கு வாங்க,” என்றான் நிலோஜன். “அம்மாவயும் கூட்டிக்கொண்டு.”

சுலோஜனா வரச் சம்மதித்ததற்குக் காரணம் மகனில் இருந்த நம்பிக்கை அல்ல. அவனுடைய நாடாவில் இருந்த நம்பிக்கையீனம். “நீ அளந்தா உனக்கு வேண்டினமாதிரித்தான் அளப்பாய். என்ட கண்ணால பாக்கணும்.” சனிக்கிழமை பத்து மணிக்குத் தாயும் மகனும் ஓட்டோவில் காத்தான்குடி போய் இறங்கினார்கள். அங்கே, ஒரு முடுக்கின் தொடக்கத்தில், வினாயகமூர்த்தி ஓட்டிவந்த லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றது. பெட்டியில் ஆறரை அடிக் கதவு. கதவின் ஒரு முனையில் அன்னப்பூரணி, மறுமுனையில் பிரஷாந்தி. கதவைப் படகுப்பாதையில் ஏற்றியதைப் பார்த்து, யார் செத்தது என்று மூன்று பேர் கேட்டார்களாம்.

“வாங்க அண்ணா,” என்றாள் பிரஷாந்தி, சுலோஜனாவுக்கும் கேட்கும்படியாக.

சம்பந்திமார் இரண்டு பேரும் ஆளையாள் பார்க்காமல் முடுக்கால் நடந்தார்கள். அது ஒரு மனிதர் அகல முடுக்கு என்பதால் பார்க்காமல் நடப்பது அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை.

றம்ஸீனின் உம்மா பஹீமா வாசலில் நின்றாள். மகன் டோஹாவில் இருந்து அன்று விடிய மூன்று தடவை போன் எடுத்து, அரசாங்கத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தான். அரசாங்கம் ஒரு கதவைச் சுமந்துகொண்டு வருவதைக் கண்டு அவள் கொஞ்சம் பின்வாங்கினாள்.

“வாங்க, வாங்க, இரிங்க… இதென்ன மகன், கதவெல்லாம்?”

யாரும் அமரவில்லை. எல்லோரும் அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர்ந்த நிலை, கறுத்து மினுங்கும் முதிரை மரம். மேல்மரத்தின் நடுவில், வட்டமும் கோடும். வினாயகமூர்த்தி சோதிப்பதற்காக உள்ளே ஒரு தடவையும் வெளியே ஒரு தடவையும் நிமிர்ந்தபடியே நடந்து பார்த்தார். எதுவும் இடிக்கவில்லை. முகம் அப்படியே இளகிப்போயிற்று.

“இந்த நிலை எங்கால வந்த உம்மா?” என்று கேட்டான் நிலோஜன்.

“வாப்பா வெச்ச. ஹமீட் எண்டு, மர யாவாரி. எழுபத்தெட்டில சூறாவளி அடிச்சதே, அப்ப எனக்கு ஏழு வயசு. படுவான்கரையில வீடெல்லாம் விழுந்து கிடந்த. சனத்துக்கு மேல போடத் தகரம் இல்ல. வாப்பா தோணியில தகரத்தக் கொண்டு போய்க் குடுத்திட்டு, விழுந்த மரத்த ஏத்திக்கொண்டு வருவார். மறுகா அந்தச் சனமே வீடு கட்ட நிலை கேட்டு வந்தா, அவர்ட கையில கிடக்கிறதக் குடுப்பார்.”

“ஆர்ர நிலை ஆருக்கெண்டு பாக்கிறல்லையா?” என்றாள் சுலோஜனா, அதிர்ச்சியோடு.

“அவருக்கு முதிரையா, பாலையா, அவ்வளவுதான். குறியெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆறு அடி கேட்டா ஆறு அடி குடுப்பார். அது இல்லாட்டி அஞ்சு அடியக் குடுத்து, மிச்சத்தப் பூசிக்கொள்ளுங்க எண்டுவார்.”

வினாயகமூர்த்தி தன் தழும்பைத் தடவிக்கொண்டார். தன்னை முப்பது வருடம் அடித்தவரின் பெயர் அவருக்கு இன்றுதான் தெரியவந்தது.

“இந்த நிலைய மட்டும் ஆருக்கும் குடுக்கல்ல,” என்று பஹீமா தொடர்ந்தாள். “நல்ல மரம் எண்டு எனக்குச் சீதன வீட்டுக்கு எடுத்து வெச்சிட்டார். ஏழு வயசில எனக்கு மாப்பிள்ள இல்ல, வீடும் இல்ல, நிலை மட்டும் இரிந்த.”

அன்னப்பூரணி அப்போதுதான் முதல்தடவையாக வாய் திறந்தாள். “எங்கட மாட்டுக் கொட்டிலுக்கு மேல கிடக்கிற தகரம்… அது சூறாவளித் தகரம் எண்டுதான் அம்மா சொல்லுவா. காத்தான்குடி யாவாரி தோணியில கொண்டு வந்து தந்ததெண்டு. எனக்கு அப்ப நாலு வயசு. நிலையப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே அவ!”

“கதவத் தூக்குங்க,” என்றாள் பிரஷாந்தி.

தூக்கினார்கள். பழைய காலத்துக் கதவு, பிணைச்சல் கிடையாது. பலகையின் மேல்மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு குடுமி நீட்டிக்கொண்டிருக்கும், நிலையில் உள்ள குழிக்குள் அது போய் இருந்து சுழலும். பஹீமா வீட்டில் இப்போது இருந்தது பிணைச்சல் கதவு; ஆனாலும் நிலையின் மேல்மூலையில் ஒரு பழைய குழி இருந்தது. குளவி கூடு கட்டும் என்று முப்பது வருடத்துக்கு மேலாக அதற்குள் கடதாசி அடைத்து வைத்திருந்தாள். நிலோஜன் கடதாசியைப் பிடுங்கினான். வினாயகமூர்த்தியும் அவனும் கதவை நிமிர்த்தி, சரித்து, கொஞ்சம் இடப்பக்கம், இல்லை இல்லை, வலப்பக்கம்.

‘டக்.’

குடுமி குழிக்குள் போய் இருந்தது. வினாயகமூர்த்தி ஒரு விரலால் தள்ளினார். கதவு, முப்பது வருடம் ஒரு மனிதரைச் சுமந்த கதவு, ஒரு முனகலோடு சுழன்று சாத்திக்கொண்டது. கீழேயும் மேலேயும் ஒரு தாள் நுழைய இடமில்லை.

சுலோஜனா மகனிடம் கையை நீட்டி நாடாவை வாங்கினாள். தானே கதவை அளந்தாள். தானே நிலையை அளந்தாள். மறுபடியும் கதவை அளந்தாள். பிறகும் முகத்தில் தெளிவில்லை.

“கதவு சரி. ஆனா குறி…” என்று தொடங்கினாள்.

“ஓ, அந்தக் குறி என்னெண்டு மகன் கேக்கச் சொன்னான்,” என்றாள் பஹீமா.

“தேனாப்போடி குடிக் குறி, உம்மா. இவங்கட குடி,” என்று நிலோஜன் அன்னப்பூரணியைக் காட்டினான்.

பஹீமா குறியைப் பார்த்தாள், அன்னப்பூரணியைப் பார்த்தாள். “அப்ப உங்கட கணக்குப்படி நான் இவட அக்காவா?”

“இல்ல…” என்றாள் சுலோஜனா.

“நிலையில கிடக்குதே. தாய்வழி வீடு இது, எனக்குச் சீதனம். என்ட மகளுக்கும் இதத்தான் குடுத்திரிக்கன். எங்களுக்கும் குடி இரிக்கு கா, எங்களுக்கும் தாய்வழிதான். பள்ளிவாசல்ல எங்கட குடிக்குப் பொறுப்பா மரைக்காயரும் இரிக்கார். ஆனா அது வேற குடி. இப்ப நான் எந்தக் குடி? கதவு சொல்ற குடியா, உம்மா சொன்ன குடியா?”

வெளித் தெருவால் ஒரு ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது தெருவின் கடைசிவரை போய்த் திரும்பி வரும்வரை சுலோஜனா யோசித்தாள்.

“கதவு எப்படிக் குடி சொல்லும்?” என்றாள் கடைசியில். எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள், இப்படி ஒரு முட்டாள்தனத்தை யார் முதலில் கிளப்பியது என்று கேட்பதுபோல். “மரம் மரம்தானே. தாய் சொல்றதுதானே குடி. நான் அப்பவே சொன்னன்.”

அவள் அப்போது என்ன சொன்னாள் என்பது நிலோஜனுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருந்தது. ஆனால் கலியாணம் கட்ட விரும்புகிறவன் சில இடங்களில் வரலாற்றாசிரியனாக இருக்கக்கூடாது. “ஓம் அம்மா,” என்றான். நாலு நாளாக நெஞ்சுக்குள் நிமிர்த்தி வைத்திருந்த ஒரு பலகை அப்படியே சரிந்து கிடையாகப் படுத்தது மாதிரி இருந்தது அவனுக்கு.

அன்னப்பூரணி மறுபடியும் அழத் தொடங்கினாள். இது வேறு அழுகை. சுலோஜனா பக்கத்தில் போய் நின்று, “அழாதங்க கா, பிள்ளையார் இருக்கார்,” என்று தோளைத் தொட்டாள். பஹீமா மஸ்கட் என்ற இனிப்பும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத சுலோஜனா மூன்று துண்டு எடுத்தாள்.

“உங்கட நிலைய நான் கழட்டித் தரட்டா?” என்று பஹீமா அன்னப்பூரணியிடம் கேட்டாள். “மகன் வந்தா வேற வைப்பான்.”

வினாயகமூர்த்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். முப்பது வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையை மகளே கண்டதில்லை.

“வேணாம் அக்கா,” என்றாள் அன்னப்பூரணி. “இஞ்சயே இருக்கட்டும். அம்மா வீட்டு நிலை, அக்காட வீட்டில நிக்கிறதில என்ன.”

“அப்ப எங்கட வீட்டில கிடக்கிற அந்தக் குட்ட நிலை?” என்று வினாயகமூர்த்தி மெல்லக் கேட்டார். “அதையாவது கழட்டலாமா?”

“என்ன பேச்சு இது!” என்றாள் சுலோஜனா. “அதுல என்ட குடிக் குறி கிடக்கு. ஒராளும் கை வைக்கப்படாது. பெயின்ற் அடிக்கிற ஆக்களிட்டயும் சொல்லுங்க, மழுவுக்கு மேல பூசிறல்ல எண்டு.”

வினாயகமூர்த்தி கோப்பையை மறுபடியும் எடுத்துக்கொண்டார். தன் கட்டிலையாவது திருப்பிக் கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்டார். அதற்கு அனுமதி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காட்டுகள் அலுமாரியின் மேல்தட்டில் இருந்து இறங்கிப் பிள்ளையாருக்கு முன்னால் போயின. திங்கட்கிழமை நிலோஜன் படிவத்தைப் பூர்த்தி செய்தான். குடி: தேனாப்போடி. நிலை: மழுவரசன் குடி வீடொன்றில் இருந்து இவ்வீட்டுக்கு வந்தது. வாசித்துப் பார்த்தபோது, இன்னும் இரண்டு மாதத்தில் தன்னைப் பற்றியும் இதையேதான் எழுதவேண்டிவரும் என்று தோன்றியது. அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆவணியில், குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் பிந்திக் கலியாணம் நடந்தது. பஹீமா மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படகுப்பாதையில் வந்து இறங்கினாள், கேட்டவர்களுக்கெல்லாம் அன்னப்பூரணி, “என்ட அக்கா. கதவு வழிச் சொந்தம்,” என்று அறிமுகம் செய்தாள். விளங்காதவர்கள் விளங்கியதுபோல் தலையாட்டினார்கள். வரலாற்று நூலில் இருக்கும், வாசியுங்கள் என்றாள் சுலோஜனா.

தாலி கட்டி, மாப்பிள்ளையும் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஆலாத்தி முடிந்தது. வாசலில், பூசாமல் விட்ட மழுவுக்குக் கீழே, தலைப்பாகையோடு நின்ற நிலோஜனின் கையைப் பிரஷாந்தி மெல்ல இழுத்தாள்.

“குனியுங்க,” என்றாள்.

நிலோஜன் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதமாக, எல்லாம் சரியான பிறகும், பகிடிக்கென்று ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் அவள் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சொல். அது வரவில்லை. அவள் வேறு எதையும் சொல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மட்டும் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. அவனுக்கு வந்த சந்தோசத்தில், அவள் சொன்ன முதல் சொல் மறந்துபோயிற்று. நிமிர்ந்தபடியே வலது காலை எடுத்து வைத்தான்.

‘டொக்.’

தலைப்பாகை பின்னால் விழுந்தது. உள்ளே, கூடத்தின் நடுவில், ஆறடி ஒரு அங்குல மனிதர் ஒருவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முப்பது வருடம் தனியாக இருந்தவருக்கு ஒரு துணை கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகம் முழுக்க இருந்தது.

“வாங்க மருமகன், வாங்க,” என்றார் வினாயகமூர்த்தி.